இரும்புலியூர் ஏரிக்கரையில்

தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர் நோக்கிச் செல்வோர் இரும்புலியூரைக் கவனிப்பது அரிது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் பறக்கும் வேகத்தில் ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆயினும் அவ்வூருக்கு ஓர் ஏரி உண்டு. சென்ற ஞாயிறு மாலை, நமது வகுப்பு மாணவர் சிலருடன் அதன் கரைக்குச் சென்றிருந்தோம்.

ஒரு பையன் கண்ணாடிப் புட்டியில் ஜலத்தை மொண்டு வெளிச்சத்திற்கு நேரே பிடித்தான். வெள்ளைப் புள்ளிகள் சில துள்ளித் துள்ளி நீந்தின. கரையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "குடித்துவிடாதே தம்பி, சிலந்தி வரும்!" என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, வேட்டியைச் சற்று உயர்த்திக் கணுக்காலில் இருந்த பழந்தழும்பைக் காட்டினார்.

நரம்புச் சிலந்தி நோயை நமது பாட்டிமார் அறிவர், நாம் மறந்துவிட்டோம். சைக்ளோப்ஸ் என்னும் அந்த நீர்ப்பூச்சியின் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கும். வடிகட்டாமல் குடித்தவர் உடலில் அது ஓராண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் வரை நீண்டு, காலில் கொப்புளமாய் வெடிக்கும். குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக இழுப்பதன்றி வேறு வழியில்லை. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

"எரிச்சல் தாங்காமல் எங்கள் ஊர்க் குளத்தில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஐயா. அதிலேதான் புழு குஞ்சுகளை விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? மறு வருஷம் என் தங்கைக்கு முழங்காலில் வந்தது. அந்தக் கால் அப்புறம் நீளவேயில்லை. நான்தான் அவளுக்குக் கொடுத்தேன்" என்றார். அவருக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று நமக்குத் தெரியவில்லை.

1983-84-ல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நோய் கண்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1984-ல் நாடெங்கும் சுமார் 40,000 பேர் அவதியுற்றனர். சுகாதார ஊழியர்கள் வீடு வீடாய்த் தேடினார்கள்; படிக்கிணறுகளைச் சேந்துகிணறுகளாக்கினார்கள்; கைப்பம்புகள் அமைத்தார்கள்; குளங்களில் டெமிபாஸ் மருந்திட்டார்கள்; புண்ணுடன் நீரில் இறங்காதிருக்கக் கற்பித்தார்கள். பெண்கள் குடத்தின் வாயில் துணி கட்டினார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானத்து ஜோத்பூர் ஜில்லாவில் காணப்பட்டார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் நமது நாட்டை நோயற்றதென்று அறிவித்தது.

1986-ல் உலகில் ஆண்டொன்றுக்கு 35 லட்சம் பேரை வாட்டிய வியாதி, 2023-ல் 14 பேரிடம் மாத்திரமே காணப்பட்டது. ஆயினும் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களிடமும் அது தொற்றியிருப்பதால் போர் இன்னும் முடியவில்லை.

மருந்தில்லா வியாதியை மடித்த துணியாலும் நல்ல கிணற்றாலும் வென்றவர்கள் நம் கிராமத்து ஜனங்கள். இதைவிடப் பெருமைப்படத் தக்கது வேறென்ன?

இருட்டத் தொடங்கியது. புட்டி பிடித்த பையன் முதியவரருகே சென்று, "தாத்தா, உங்களுக்குத் தெரியாமல்தானே நடந்தது?" என்றான். அவர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். "தெரிந்த நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், அப்பா" என்றார்.