கொண்டை மட்டும் குறையவில்லை

எங்கள் வீட்டுக் கொக்கட்டீல் கிளியின் நெஞ்சு மொட்டையானபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம். கவலை பிறகுதான் வந்தது. வத்தேகமவில் எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் இருக்கிறது. விறாந்தையில் தொங்கும் கூண்டு ஊரார் எல்லாருடைய கண்ணிலும் படும். "என்ன சேர், இதுக்குச் சாப்பாடு போடுறதில்லையா?" என்று கேட்டுவிட்டு ஒருவர் சிரித்துக்கொண்டே போனார். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு அந்த ஒரு சிரிப்புப் போதும். பழைய சாரம் ஒன்றை எடுத்துக் கூண்டைப் போர்த்தினேன். வெளிச்சம் பட்டால் இறகை இன்னும் பிடுங்கும் என்று மனைவியிடம் ஒரு காரணமும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

வைத்தியம் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, "கண்ணு பட்டிருக்கு தம்பி" என்று உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டார். அதனால் பறவைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. மிளகாய் நெடியில் நாங்கள்தான் தும்மினோம். ஆனால் மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெய் பூசச் சொன்னவரின் யோசனை அப்படிப்பட்டதல்ல. இறகின் இழைகள் ஒன்றோடொன்று நுண்ணிய கொக்கிகளால் கோத்துக்கொண்டு நிற்பவை. எண்ணெய் பட்டால் இழைகள் ஒட்டிப்போகும், உடல் சூடு தங்காது. ஒட்டியதை நீக்கப் பறவை முன்பைவிட அதிகமாகக் கோதும். கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். மகள் போத்தலைப் பிடுங்கி வைத்ததால் சின்னு தப்பினாள்.

சின்னு என்பது பறவையின் பெயர். சாம்பல் உடல், மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. கிளிச்சாதியைச் சேர்ந்த இவளுடைய பூர்வீகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளி. அங்கே கூட்டம் கூட்டமாக இடம்விட்டு இடம் அலைந்து, தரையில் புல்விதை பொறுக்கித் தின்னும் இனம் இது. நான்கு பக்கமும் கம்பி, கிண்ணம் நிறையத் தினை, பேச்சுத் துணைக்கு ஒரு கிழவன் என்பது அந்த இனம் கண்டிராத வாழ்க்கை.

இறகு கோதுவது நோயல்ல. நல்ல சுகத்தோடு இருக்கும் கிளியும் ஒரு நாளில் கணிசமான நேரத்தை அதற்கே செலவிடும். வாலடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயை அலகால் தொட்டு இறகில் தடவும். இறகுதிரும் பருவத்தில் புதிய முளைகளின் வெள்ளை உறையை உரித்து உதிர்க்கும். கொக்கட்டீல் என்றால் கூண்டைச் சுற்றி மாப்பொடி போல வெண்தூளும் படியும். இதையெல்லாம் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. எது கோதல், எது பிடுங்கல் என்று எனக்குக் காட்டித் தந்தவை கூண்டின் அடியில் கிடந்த இறகுகள். தானாக உதிர்ந்த இறகு முழுசாக இருக்கும், அதன் காம்பு சுத்தமாக இருக்கும். மென்ற இறகின் ஓரம் பிய்ந்து, தண்டு நசுங்கியிருக்கும். வளரும் முளையைப் பிடுங்கினால் காம்பில் இரத்தம் இருக்கும். மூன்று வகையும் எங்கள் கூண்டில் கிடந்தன.

இன்னொரு தடயம் தலை. கிளிக்குத் தன் உடம்பில் அலகு எட்டாத இடம் அது ஒன்றுதான். உடம்பெல்லாம் மொட்டையாகி, தலை இறகு மட்டும் ஒழுங்காக இருந்தால் பிடுங்குவது அதே பறவைதான். தலையும் சேர்ந்து மொட்டையானால் கூட்டாளிப் பறவை கொத்துகிறது, அல்லது உள்ளே நோய் இருக்கிறது. அலகு, இறகு நோய் என்று ஒரு வைரஸ் நோய் உண்டு. அது தலையென்றும் வாலென்றும் பார்க்காது. சின்னுவின் கொண்டையில் ஒரு குறையும் இல்லை. கோழிக்கடையில் உரித்துப் பாதியில் விட்டதுபோன்ற உடம்பின் மேல் அந்த மஞ்சள் கொண்டை மட்டும் நிமிர்ந்து நின்றது.

கூண்டை மடியில் வைத்துக்கொண்டு மடவளை வழியாகக் கண்டி பஸ்ஸிலும், பிறகு பேராதனை பஸ்ஸிலும் ஏறி, பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்குப் போனோம். என்னைப் பார்த்தவர் இளம் பெண் வைத்தியர். கொஞ்சம் தமிழ், மிச்சம் சிங்களம். மருந்துச் சீட்டு எழுதுவார் என்று காத்திருந்த எனக்கு ஒரு விசாரணையே நடந்தது. "அங்கிள், இது எங்க தூங்குது? ராத்திரி எத்தன மணிக்கு லைட் ஆஃப்? கூண்டுக் கம்பி என்ன கம்பி? வீட்ல நுளம்புச் சுருள் பத்த வைப்பீங்களா?"

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. நாகம் பூசிய மலிவான வலைக்கம்பியைக் கிளி மென்றுகொண்டேயிருந்தால் நாகம் உடலில் ஏறி நஞ்சாகும். நுளம்புச் சுருள், சிகரெட், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் பறவையின் நுரையீரலையும் தோலையும் உறுத்தும். வெறும் தினையும் சூரியகாந்தி விதையுமாகத் தின்னும் கிளிக்கு விற்றமின் ஏ குறைந்து தோல் காய்ந்துபோகும். முருங்கை இலை, கரட், உள்ளே செம்மஞ்சளாக இருக்கும் வற்றாளைக் கிழங்கு கொடுக்கச் சொன்னார். அவகாடோவைக் காட்டவே கூடாது. கண்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்த்துத் தொங்கும் அந்தப் பழம் கிளியின் இதயத்தை நிறுத்தும் விஷம்.

பிறகு எச்சத்தைப் பரிசோதித்தார்கள். கொக்கட்டீல்களின் குடலில் கியார்டியா என்ற ஓரணு ஒட்டுண்ணி சிலசமயம் இருக்கும். அது இருந்தால் சில பறவைகளுக்குச் சிறகடியிலும் உள்தொடையிலும் அரிப்பெடுக்கும்; அவை கத்திக் கத்திப் பிடுங்கும். எல்லா நாளும் அது எச்சத்தில் வெளிப்படாது என்பதால் ஒரு பரிசோதனையை நம்பிவிட முடியாது. எங்களுக்கும் முதல் தடவை ஒன்றும் அகப்படவில்லை, அடுத்த தடவை அகப்பட்டது. மருந்து கொடுத்தோம். கத்துவது நின்றது, பிடுங்குவது குறைந்தது.

குறைந்ததே தவிர நிற்கவில்லை. அரிப்பு போன பிறகும் பிடுங்குவது பழக்கமாகத் தங்கிவிட்டது. நகம் கடிக்கும் பிள்ளைகளை வகுப்பில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அடித்து நிறுத்திய பிள்ளை ஒன்றும் என் ஞாபகத்தில் இல்லை. இருந்தும் சின்னு அலகை நெஞ்சுக்குக் கொண்டுபோனதும் "ஏய்!" என்று கத்திக்கொண்டு ஓடுவேன். அவளுக்கு அது அதட்டலாகத் தெரியவில்லை. கூப்பிட்ட உடனே கிழவன் வருகிறான் என்றுதான் தெரிந்தது. வைத்தியர் இதைச் சிரிக்காமல் சொன்னார். பிடுங்கும்போது திரும்பிப் பார்க்காதீர்கள், சும்மா இருக்கும்போது போய்ப் பேசுங்கள் என்றார். எனக்கு இன்றைக்கும் கஷ்டமான மருந்து அதுதான்.

மிச்சம் அவளுடைய பொழுது பற்றிய கதை. போர்ட்டோ ரிக்கோத் தீவின் காட்டுக் கிளிகள் ஒரு நாளில் 4 முதல் 6 மணிநேரம் இரை தேடுவதிலேயே கழிக்கின்றன. கூண்டில் ஆயத்த உணவு தின்னும் அமேசான் கிளிகளுக்கு அதே வேலை 30 முதல் 72 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்தை அலகு என்ன செய்யும்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மீஹன், மில்லம், மென்ச் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. இளம் அமேசான் கிளிகளில் ஒரு பிரிவுக்கு, உணவைத் தேடி எடுக்கும் ஏற்பாடுகளையும் ஏறி இறங்கப் பொருட்களையும் கொடுத்தார்கள். மற்றதற்கு வெறுங்கூண்டு. 48 வாரங்களுக்குப் பிறகு முதல் பிரிவின் இறகு நன்றாக இருந்தது, மற்றதன் இறகு கெட்டிருந்தது. வெறுங்கூண்டுப் பிரிவுக்கும் பிறகு அதே ஏற்பாடுகளைச் செய்தபோது இறகு தேறியது.

எங்கள் வீட்டில் இதற்குக் காசு செலவில்லை. தினையைக் கிண்ணத்தில் போடாமல் சோளப்பொத்தி மட்டைக்குள் மடித்து வைத்தோம். முருங்கைக் கொத்தைக் காம்போடு கட்டித் தொங்கவிட்டோம். கசக்கிய கடதாசிக்குள் சூரியகாந்தி விதையை ஒளித்தோம். முதலில் அவள் பயந்து கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டாள்; புதுப்பொருள் எதுவும் கிளிக்கு எதிரிதான். பழகிய பிறகு காலையெல்லாம் அதே வேலை. வீடு பெருக்கும் மனைவிக்குத்தான் கோபம். இரவில் உள்ளே எடுத்துத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கும் கூண்டைப் பின்னறைக்கு மாற்றி, நல்ல இருட்டும் அமைதியும் கிடைக்கச் செய்தோம். பகலில் போர்த்திய சாரம் கொடிக்குத் திரும்பியது.

நெஞ்சில் இறகு வந்துவிட்டது. இடது தொடையில் ஒரு சிறு இடம் இன்னும் மொட்டை. திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழியே கெட்டுவிடும், அங்கே இனி முளைக்காது. பார்க்கிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். அவளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

இதைப் படித்துவிட்டுக் கிளி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. சிங்களத்தில் லபு கிரவா என்று சொல்லும் பெரிய பச்சைக்கிளியின் குஞ்சை மரப்பொந்திலிருந்து எடுத்து விற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம், வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கிளி பிடுங்கத் தொடங்கியிருந்தால் எண்ணெயைத் தேடாதீர்கள். கூண்டைக் கழுவாமல், உதிர்ந்த இறகுகளை ஒரு கடதாசியில் சுற்றிக்கொண்டு, அன்று காலையில் விழுந்த எச்சத்தோடு மிருக வைத்தியரிடம் போங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் இன்னொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள்.