48, 12, 3

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் இரண்டு சின்னக் காந்த வில்லைகளோடு வந்தான். ஒன்றை ஒன்று எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று அளந்து எழுதவேண்டுமாம். மருமகளின் சமையலறை எடைக்கருவி கைகொடுத்தது.

அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்தோம். உள்ளே இருக்கும் இரும்பைக் காந்தம் இழுத்துவிடக்கூடாது அல்லவா? டம்ளரின் மேல் ஒரு வில்லையை செலோ டேப்பால் ஒட்டினோம். இல்லாவிட்டால் புரண்டுபோய் மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். எடையைப் பூஜ்யமாக்கினோம். இன்னொரு வில்லையை மர ஸ்கேலின் அடியில் ஒட்டி, இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, நேர் மேலே நிறுத்தினோம். நடுவுக்கு நடு 2 செ.மீ. இருந்தபோது 48 கிராம் காட்டியது. 4 செ.மீ.க்கு உயர்த்தினால் வெறும் 3 கிராம்.

பையன் முகம் சுருங்கிவிட்டது. “தாத்தா, தூரம் ரெண்டு மடங்கானா விசை கால் பங்காகணும். 12 வரணுமே! 12ன்னே எழுதிடட்டுமா?”

எனக்குச் சுருக்கென்றது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது நானும் இதையேதான் செய்தேன். பித்தளைத் தராசில் வந்த எடை கால் பங்குக்கு ஒத்துவரவில்லை. விதிக்குப் பொருந்தும் எண்ணை நோட்டில் எழுதிவிட்டேன். ஆசிரியர் ஓரத்தில் ‘த்ரே பியேன்’, மிக நன்று, என்று எழுதினார். அந்தப் பாராட்டு இன்றுவரை எனக்கு இனித்ததில்லை.

அவன் பாடநூலில் இருக்கும் கூலூம்தான் எங்கள் வகுப்பின் கூலோன். 1785-ல் அவர் கண்ட கால் பங்குக் கணக்கு, ஒரு துருவத்துக்கும் இன்னொரு துருவத்துக்கும் இடையே உள்ளது. மறுமுனை குறுக்கிடாமலிருக்க நீண்ட, மெல்லிய எஃகுக் காந்தங்களை அவர் எடுத்துக்கொண்டார். எங்கள் வில்லையிலோ வடக்கும் தெற்கும் முதுகோடு முதுகு. ஒன்று தள்ள, மற்றது இழுக்கிறது. விலக விலக இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுகின்றன. அதனால்தான் இருமடங்கு தூரத்தில் விசை பதினாறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். 48ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள்: 3!

அலுவலகத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால், பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவோம். அந்தப் பள்ளி நோட்டு இப்போது கைவசம் இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

பேரன் 3 என்றே எழுதினான். மதிப்பெண் இன்னும் வரவில்லை.