நாடா கட்டும் இடத்தில் ஒரு கரும்புள்ளி

மழை விட்டால் எங்கள் முகப்பேரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் பேச்சுதான். "டெங்குவா, டைபாய்டா?" என்று விசாரிப்போம். மூன்றாவதாக ஒன்று உண்டு: ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்கின்றன. ஆனால் நாயிலும் மாட்டிலும் ஒட்டும் உண்ணி வேறு. இதைப் பரப்புவது, புல்லிலும் புதரிலும் இருக்கும், பேனைவிடச் சிறிய ஒரு பூச்சியின் குஞ்சு. கிராமத்து நோய் என்று ஒதுக்க முடியாது. 2025 தொடக்கத்தில் பொது சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் சென்னையும் ஒன்று.

கடித்தது பெரும்பாலும் தெரியாது. பிறகு அந்த இடம் சிகரெட்டால் சுட்டது போல் கறுத்துப் பொருக்குக் கட்டும். எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தால் அதைவிடப் பெரிய துப்பு இல்லை. ஆனால் அது இருக்கும் இடங்கள் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, இடுப்பு மடிப்பு. எல்லாம் நாம் காட்டக் கூசும் இடங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வயதான அம்மாளுக்கு ஆறு நாள் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியாவும் இல்லை. உடம்பு துடைத்துவிட்ட மகள்தான் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அந்தப் பொருக்கைப் பார்த்தாள்.

"நாடா உரசின புண்ணுடி, விடு."

அவள் விடவில்லை, டாக்டரிடம் காட்டினாள். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அன்றே டாக்ஸிசைக்ளின் தொடங்கினார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

காத்திராததற்குக் காரணம் உண்டு. எலைசா பரிசோதனை, கிருமியை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுகிறது. முதல் சில நாட்களில் அது போதிய அளவு ஊறியிருக்காது. நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். 1916இல் வந்த வீல்-ஃபெலிக்ஸ் சோதனை இன்னும் நம்பகம் குறைந்தது. பென்சிலின் வகை மருந்துகளுக்கு இந்தக் கிருமி கட்டுப்படாது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். முற்றிய நோயாளிகளுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பதே மேல் என்று, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். நிஜ உண்ணியே பரப்பும் மத்தியதரைக்கடல் காய்ச்சலிலும் இப்படிப் பொருக்கு வரும். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘தாஷ் நுவார்’ என்பார்கள். கரும்புள்ளி என்று அர்த்தம். எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்லவில்லை.

ஆகவே, என் வயது நண்பர்களே, காய்ச்சல் விடாமல் அடித்தால் கூச்சத்தை ஓரமாக வையுங்கள். வீட்டில் ஒருவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்கச் சொல்லுங்கள். காலி மனைப் புல்லில் நடந்திருந்தால், தோட்டத்தில் களை பிடுங்கியிருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.