32 குன்றிமணி

டெல்லி சாந்தினி சௌக்கை ஒட்டி தரீபா கலான் என்று ஒரு வெள்ளிக்கடைத் தெரு. மனைவிக்குக் கொலுசு வாங்கப் போன அடியேன், மௌரியர் காலத்து முத்திரை நாணயத்தில் விழுந்தேன்.

ராஜா தலை கிடையாது, பெயரும் கிடையாது. வெள்ளித் தகட்டைத் துண்டு போட்டு, எடை கூடினால் மூலையை நறுக்கி, சூரியன், ஆறு கைச் சக்கரம் என்று ஐந்து முத்திரைகளைத் தனித்தனியாகக் குத்துவார்களாம். எடை 32 குன்றிமணி. அதாவது சுமார் மூன்றரை கிராம்.

பேரம் பேசி, கொலுசுப் பணம் காலி!

நாலு கடை தள்ளி இன்னொரு நாணயம் காட்டினார்கள். அதே சூரியன், அதே சாய்வு, அதே மூலை வெட்டு! கையால் குத்தினது எப்படி சார் ரெட்டைப் பிள்ளையாகும்? என்னுடையதன் விளிம்பைத் தடவினேன். வார்ப்பு அச்சு சேர்ந்த கோடு விரலில் நெருடியது.

"இதை எந்தக் காலுக்குங்க போட்டுக்கறது?" என்றாள் மனைவி.