தாமார் என்ற பெயர்

"ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா?" மதுரைப் பக்கம் வளர்ந்த பெண் யாரும் இந்தப் பழமொழியிடமிருந்து தப்பித்திருக்க முடியாது. கூடவே இன்னொன்றும் உண்டு: சேலை முள்ளில் விழுந்தாலும் முள் சேலையில் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான். முதலாவது குற்றத்தைப் பெண்மேல் வைக்கிறது. இரண்டாவது, குற்றம் யாருடையது என்பதைப் பேச வேண்டிய அவசியமே இல்லை என்கிறது. நான் கேட்ட வரையில் இரண்டையும் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதுவும் என்மேல் உயிரையே வைத்திருந்த பெண்கள்.

நான் வளர்ந்தது பசுமலையில். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1845-இல் தன் செமினரியை இங்கே கொண்டுவந்தது. 1881-இல் இங்கே தொடங்கிய கல்லூரிதான் பிற்பாடு மதுரைக்குள் போய் அமெரிக்கன் கல்லூரி ஆனது. அதனால் பொம்பளப் பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு பேச்சு இருந்ததில்லை. அம்மாச்சியே டீச்சர்தான். ஆனால் படிப்பு நுழைந்த வீட்டிலும் ஊசியும் நூலும் அப்படியே இருந்தன. எங்களுக்கு அதற்குத் துணையாக வேத வசனமும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினேழு வயதில் எனக்கு ஒன்று நடந்தது. சொந்தக்காரர் வீட்டில் ஜெபக் கூட்டம், மாடிப்படி, குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர். இதற்கு மேல் விவரம் வேண்டாம். வீட்டில் சொன்னபோது முதலில் வந்த கேள்வி, "நீ ஏன்டி தனியா மாடிக்குப் போன?" அடுத்தது, "கத்தியிருக்கலாம்ல?" மூன்றாவதாக வந்தது ஜெபம். என் தலையில் கை வைத்து, இந்தப் பிள்ளையின் பாவத்தை மன்னியும் ஆண்டவரே என்று ஜெபித்தார்கள். அந்த ஆளின் தலையில் யாரும் கை வைக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் அவர்தான் பாட்டு நடத்தினார். கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசலாம். ஜெபத்தை எப்படி எதிர்ப்பது? எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

அதன்பிறகு பைபிளை மூடி வைக்காமல், மேலும் ஆத்திரத்தோடு படித்தேன். என்னைக் குற்றவாளி ஆக்கிய புத்தகம் நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

முதலில் பத்சேபாள். பிரசங்கங்களில் அவள் மொட்டைமாடியில் குளித்து ராஜாவை மயக்கியவள். எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் யாரைத் திட்டலாம் என்று பார்ப்பதற்கு முன் லாக் பார்ப்போம். எது முதலில் நடந்தது, எது அடுத்தது என்று. 2 சாமுவேல் 11-ஐ அப்படிப் படித்துப் பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலத்தில் தாவீது எருசலேமிலேயே தங்கிவிட்டான். சாயங்காலம் மாடியில் உலாவியது அவன். அவள் எங்கே குளித்தாள் என்று அந்த அதிகாரம் சொல்லவே இல்லை. பார்த்தான், விசாரித்தான், ஆள் அனுப்பினான், எல்லா வினையும் அவனுடையது. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துக்கொண்ட கதையைச் சொல்கிறார். ஆட்டுக்குட்டி ஏன் வாசலில் நின்றது என்று நாத்தான் கேட்கவில்லை.

அதற்கடுத்த அதிகாரம் தாமார். தாவீதின் மகள். அவளுடைய அண்ணன் முறையான அம்னோன், வியாதிக்காரனைப் போலப் படுத்துக்கொண்டு, தாமார் வந்து பணியாரம் செய்து தரவேண்டும் என்று கேட்கிறான். தமிழ் பைபிளில் பணியாரம் என்றே இருக்கிறது. அவளை அங்கே அனுப்புவது அப்பாவான ராஜாவே. "ஏன் தனியாப் போன?" என்ற கேள்விக்கு பைபிளிலேயே பதில் இருந்தது: அனுப்பினார்கள், போனாள். அவள் அவனோடு வாதாடுகிறாள், வேண்டாம் என்கிறாள், இஸ்ரவேலில் இப்படிச் செய்யத்தகாது என்கிறாள். அவன் கேட்கவில்லை. முடிந்ததும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடுப்பைக் கிழித்துக்கொண்டு, சத்தமிட்டு அழுதபடி தெருவில் போகிறாள். கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம், பேசாதே, அவன் உன் சகோதரன், இதை மனதில் வைக்காதே என்கிறான். அப்பா கோபப்படுகிறார், வேறொன்றும் செய்யவில்லை.

இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. எழுதியவர் அவள்மீது ஒரு குறைச்சொல்கூட வைக்கவில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் படித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஞாயிறு பள்ளியில் ஏன் இதை எங்களுக்குச் சொல்லித்தரவில்லை?

எல்லாப் பக்கமும் இப்படி ஆறுதலாக இல்லை. உபாகமம் 22-இல், நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குப் பட்டணத்தில் நடந்தால், அவள் கத்தவில்லை என்பதால் அவளுக்கும் தண்டனை உண்டு. வயல்வெளியில் நடந்தால் அவள்மேல் குற்றமில்லை, ஒருவனை இன்னொருவன் கொலை செய்வது போன்றது அது என்கிறது அதே சட்டம். நிச்சயிக்கப்படாதவள் என்றால், கெடுத்தவன் அவள் அப்பாவுக்கு ஐம்பது வெள்ளிக்காசு கொடுத்து அவளையே கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அன்று மாடிப்படியில் சத்தமே வரவில்லை. பயத்தில் உடம்பு மரத்துப்போகும் என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரியாது.

அதைப் பழங்காலத்துச் சங்கதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சிறுமியாக இருந்தபோது பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், தண்டனை பெற்றவருக்கு ஜாமீன் கொடுத்து சமரசம் பேசச் சொன்னது. அந்தப் பெண் மறுத்தார். ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், பாலியல் வன்கொடுமையில் சமரசத்துக்கு இடமே இல்லை என்றது. அதன்பின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்தபோதும், "ராத்திரி அங்க என்ன வேலை?" என்றுதான் ஊர் கேட்டது. முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. அதன் மொழியே பாதிக்கப்பட்டவரைக் குற்றம் சொல்வதாக இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்து, விசாரணையைப் பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் குழுவிடம் கொடுத்தது; 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை. அந்த மாணவி புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

பைபிளுக்குள்ளேயே இந்தச் சண்டை நடக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாய் திறந்ததும், நீ ஏதோ செய்திருப்பாய் என்றார்கள். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது அவர்கள்மேல். யோபு உங்களுக்காக ஜெபம் பண்ணட்டும் என்கிறார். யார் யாருக்காகப் பாவமன்னிப்பு கேட்க வேண்டும் என்பதே அங்கே மாறிவிடுகிறது. யோவான் 9-இல், பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றோருடையதா என்று கேட்கிறார்கள். இருவருடையதும் இல்லை என்கிறார் இயேசு. பார்வை வந்தவனை, நீ பாவத்தில் பிறந்தவன் என்று சொல்லி வெளியே தள்ளுகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு இயேசு அவனைக் கண்டுபிடித்துப் பேசுகிறார்.

என் மதிப்பை எனக்குத் திருப்பித் தந்தவள் ஆகார். எகிப்து நாட்டு அடிமை, கர்ப்பிணி, வீட்டைவிட்டு ஓடிவந்தவள். ஆதியாகமம் 16-இல் ஆபிராமும் சாராயும் அவளை அடிமைப்பெண் என்றே பேசுகிறார்கள். பெயர் சொல்லி முதலில் கூப்பிடுவது வனாந்தரத்தில் வந்த தூதன்தான். அவளிடம், நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறான். அவள் கடவுளுக்கே ஒரு பெயர் வைக்கிறாள், என்னைக் காண்கிறவர் என்ற பொருளில். அதே தூதன் திரும்பிப் போ என்றும் சொல்கிறான். அது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஆனாலும், ஒரு வீடு முழுக்கக் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவர் ஒருவர் உண்டு என்று நம்ப ஆரம்பித்தது அங்கேதான். அந்த நம்பிக்கை வந்தபிறகு, "நான் ஏன் போனேன்?" என்று என்னையே கேட்பது குறைந்துகொண்டே வந்தது. இரண்டு வருஷம் கழித்து அம்மாவிடம், "அன்னைக்கு என் தலையில வச்ச கைய அவர் தலையில வச்சிருக்கணும்மா" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கூட்டத்துக்கு அம்மா போகவில்லை.

தாமார் கதையில் பலர் கவனிக்காத ஒரு வரி அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. அப்சலோமுக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். மகன்களின் பெயர் அங்கே இல்லை. மகளின் பெயர் தாமார். பேசாதே என்று சொன்ன அதே அண்ணன், அந்தப் பெயரை வீட்டில் தினமும் வாய்விட்டுக் கூப்பிடும்படி ஆக்கியிருக்கிறான். எங்கள் பக்கம் எஸ்தர் உண்டு, ரூத் உண்டு, வீட்டுக்கு ஒரு மேரி உண்டு. தாமார் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்த வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.