ஷெரிடன் பூக்கள்

தோலில் பூ செதுக்கப் பழகுகிறேன். கத்தி பிடிப்பதுகூட வந்துவிடுகிறது. படம்தான் உயிரை வாங்குகிறது.

இப்போது வரைவது ஷெரிடன் பாணி. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள சிற்றூர் ஷெரிடன். குதிரைச் சேணம் செய்யும் டான் கிங் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே வளர்த்தெடுத்த பாணி இது. பழைய சேணங்களில் பூ பெரியது. இவர் அதைச் சிறிதாக்கி, நெருக்கி, ஒவ்வொன்றையும் ஒரு வட்டத் தண்டுக்குள் உட்கார வைத்தார்.

ஆகவே முதலில் வரைவது பூவை அல்ல, வட்டங்களை. ஒரு வட்டத்தைச் சுற்றிவரும் தண்டு அடுத்ததில் எதிர்த்திசையில் சுழலும். இலையும் சுருளும் தாய்த்தண்டை வெட்டக் கூடாது. அதைத் தழுவியபடியே பிரிய வேண்டும். நம் கோயில் வாசல்களின் கொடிக்கருக்கைப் பாருங்கள், அங்கும் கோடு எங்கும் முறியாது. (சிற்பிகளிடமே பாடம் கேட்டிருக்கலாம்!) இதழ், நரம்பு எல்லாம் கடைசியில்தான்.

ஈரத் தோலில் விழுந்த வெட்டை அழிக்க ரப்பர் கிடையாது. அதனால் தாளிலேயே சண்டையை முடித்துவிடுவது நல்லது.

பழக நினைப்பவர்களே, விலையுயர்ந்த கத்தி பிறகு. முதலில் ஒரு காம்பஸும் ஒரு கட்டுத் தாளும் வாங்குங்கள்.