மார்க்குப் பட்டியலும் நோட்டுப் புத்தகமும்

நம் வீடுகளில் ஜாதகத்துக்கு அடுத்தபடியாகப் பெட்டியில் பூட்டி வைக்கப்படும் காகிதம் மார்க்குப் பட்டியல்தான். இரண்டுமே ஒருவனுடைய எதிர்காலத்தைச் சொல்லிவிடும் என்பது நம் நம்பிக்கை. ஜாதகத்திலாவது தோஷத்துக்குப் பரிகாரம் உண்டு. பி.எஸ்ஸி.யில் 52 சதவிகிதம் வாங்கியவனுக்கு என்ன பரிகாரம்?

எங்கள் தெருவில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். கணிதம் படித்தவன். மேலே படித்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசை. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். அவனுடைய தகப்பனார் அவனையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்க கதை எழுதறவர். அந்த மார்க்கு கண்ணுல படாதபடி நாலு வரி நயமா எழுதிக் குடுங்களேன், சார்!" என்றார்.

கதை எழுதுகிறவனால் எதை வேண்டுமானாலும் மறைக்க முடியும், எண்ணை மட்டும் மறைக்க முடியாது. நான் பையனைப் பார்த்து, "பரீட்சைக்கு வராத கணக்கு ஏதாவது போட்டுப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். மறுநாள் இரண்டு நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். அவற்றில் இருப்பதை எடைபோட எனக்குக் கணிதம் தெரியாது. ஆனால் அவற்றைக் காட்ட வேண்டிய இடம் என் வீடு அல்ல என்பது தெரிந்தது.

கும்பகோணத்து ராமானுஜனை மேதை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவருடைய மார்க்குகளை யாரும் நினைப்பதில்லை. 1904-ல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அதை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. 1906-ல் எப்.ஏ. பரீட்சையில் தோல்வி, 1907-ல் மறுபடியும் தோல்வி. 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா.

இடையில் அவர் விடாமல் செய்தது ஒன்று உண்டு. படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்களின் வாசலைத் தேடி நோட்டுகளைச் சுமந்துகொண்டு போனார். டெபுடி கலெக்டர் ராமஸ்வாமி ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதினார். தாம் ஒரு குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்பதைக் கடிதத்தின் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். குறைக்கு இரண்டு வரி. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகக் கணக்கு!

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கே உரியது. ஆயினும் 1913-ல் பட்டமே இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் இரண்டு வருஷங்களுக்குக் கிடைத்தது. பாவம் பார்த்துக் கொடுத்ததல்ல அது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ், அவருடைய ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் அளித்தது.

"அது ராமானுஜனுக்குச் சரி, நம்ம பையனுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயந்தான். மேதையே பல வாசல் ஏற வேண்டியிருந்தால் மற்றவர்கள் இன்னும் நாலு வாசல் அதிகமாக ஏறத்தான் வேண்டும். சில இடங்களில் 55, 60 என்று தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். அங்கே தலையை முட்டிக்கொள்வதில் பயனில்லை. நுழைவுத் தேர்வும் நேர்முகமும் வைக்கும் இடங்கள் இருக்கின்றன. 'கேட்' தேர்வு எழுத இத்தனை சதவிகிதம் வேண்டும் என்ற விதியே இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, பையனை அறிந்த ஆசிரியர்களின் கடிதங்களைக் கேட்கின்றன. அந்த ஆசிரியர்களுக்கு எழுத விஷயம் வேண்டாமா? அதை அவன்தான் செய்து காட்ட வேண்டும்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். மார்க்குப் பட்டியலை நீங்கள் பூட்டி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது மாறப்போவதில்லை. பையனின் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் இருந்தால் போதும்.